சாலையோரப் பள்ளம், வழக்கு எண் 41

நான் தட்டச்சு செய்பவள். வழக்கில் எனக்கு வாய் கிடையாது.
அயோவாவின் வடமேற்கு மூலையில்
தானியக் கிடங்கைவிடக் குள்ளமான நீதிமன்றம்.
ஜூலை. ஒரே ஒரு மின்விசிறி.

குற்றச்சாட்டு: ஆர்டித் குவாமி, வயது அறுபத்தொன்று,
தன் வேலிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே
நானூறு அடி நீளத்துக்குக் களை வளர்த்தார்.
வெட்டச் சொல்லி இரண்டு கடிதம் போயிற்று.
இரண்டின்மேலும் விதை உலர்த்தினார்.
வெட்டும் வண்டி வந்த அன்று
பள்ளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எது களை? பெயரைச் சொல்லுங்கள்" என்றார் ஆர்டித்.
அரசுத் தரப்பிடம் பெயர் இல்லை.
"உயரமானவை" என்றது. "மஞ்சளாக இருப்பவை."

அவர் சொல்லத் தொடங்கினார்.
நான் அடிக்கத் தொடங்கினேன்.

திசைகாட்டிச் செடி.
இலையின் விளிம்பு வடக்கும் தெற்குமாக நிற்கும்,
உச்சி வெயிலுக்கு முகம் கொடுக்காது.
தண்டைக் கீறினால் பிசின் வரும், பிள்ளைகள் மெல்வார்கள்.
(தானும் மென்றாராம். பல்லில் ஒட்டுமாம்.
அதையும் பதிவு செய்தேன்.)

வான்கோழிப் பாதம்.
புல்தான். கதிர் மூன்று விரலாகப் பிரியும்.

ஷூ லேஸ் செடி.
சாம்பல் பூசிய இலை, ஊதாப் பூ.
இந்த நிலத்தை முதன்முதலில் கிழித்த கலப்பையில்
வேர்கள் பட் பட்டென்று அறுந்தனவாம்,
ஷூ லேஸ் அறுவதுபோல.
அறுந்த சத்தமே பெயராகிவிட்டது.

கல்வர் வேர்.
தண்டைச் சுற்றி வட்டமாக இலை, மெழுகுவத்தி மாதிரி வெள்ளைக் கதிர்.
யார் அந்தக் கல்வர்? ஒரு மருத்துவர் என்கிறார்கள்,
அதற்குமேல் ஒருவருக்கும் தெரியாது.
காரணம் தொலைந்துபோன காரணப்பெயர்.

பாம்படக்கி.
கற்றாழை போன்ற இலை, முள் உருண்டைகள்.
"பாம்பை அடக்குமா?" என்றார் நடுவர் பிரூயெட்.
"தெரியாது. இதுவரை எந்தப் பாம்பும் மறுக்கவில்லை."
[சிரிப்பு] என்று போட்டேன், விதிப்படி.

அடுத்ததில் என் விரல் நின்றது.
தரையோடு ஒட்டிய சின்ன வெள்ளைப் பூ.
மண்ணுக்கடியில் அண்டை வேரிலிருந்து
கொஞ்சம் கொஞ்சமாகத் திருடிக்கொள்ளும்.
ஊர் வைத்த பெயரில் ஒரு வசைச்சொல் இருந்தது,
தகப்பன் பெயர் தெரியாதவர்களைச் சொல்வது.
நடுவரைப் பார்த்தேன். "சொன்னதை அடியுங்கள்" என்றார்.
அடித்தேன்.
என் பிறப்புச் சான்றிதழிலும் அந்தக் கட்டம் காலி.
நம் எல்லோருக்கும் முன்பே இங்கே இருந்த செடி
என்றார் ஆர்டித், அதையும் அடித்தேன்,
கொஞ்சம் வேகமாக.

அரசுத் தரப்புச் சாட்சி: டுவைன் ஓஸ்ட்ரெம்,
சாலைத் துறை, புல்வெட்டி ஓட்டுநர், பத்தொன்பது வருடம்.
"வருடந்தோறும் முழுக்க வெட்டினீர்களா?"
"ஒரு இடம் தவிர.
மதகுக்குப் பக்கத்தில், ஒரு மேசை அளவு.
செப்டம்பர் சுற்றுக்குப் போனால் நீல மொட்டாக நிற்கும்,
குப்பி குப்பியாக. இன்றைக்கோ நாளைக்கோ விரியும்போல இருக்கும்.
விரியட்டுமே என்று கத்தியைத் தூக்கிவிடுவேன்.
அடுத்த வாரம் போனாலும் மொட்டுதான்.
விரிந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

பிறகு நடுவரை விட்டுவிட்டு ஆர்டித்தைப் பார்த்தார்.
"அதற்குப் பெயர் என்னங்க?"

சாட்சி கேள்வி கேட்கக் கூடாது என்றது அரசுத் தரப்பு.
யாரும் காதில் வாங்கவில்லை.

"மூடிய ஜென்ஷியன். அது விரியாது, டுவைன்.
நீ பார்த்ததுதான் பூ.
தடித்த தேனீ ஒன்று வரும்,
நுனியை முண்டித் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கும்.
பின்புறம் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருக்கும்."

அவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.
"அப்படியானால் நான் காத்திருந்தது?"

ஆர்டித் ஏதோ சொன்னார்.
விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.
[தெளிவில்லை] என்று போட்டேன்.

தீர்ப்பு, முதல் உறைபனிவரை ஒத்திவைப்பு.
ஜென்ஷியனில் ஓர் எழுத்துப் பிழை விட்டிருக்கிறேன்,
திருத்த மனுப் போட வேண்டும்.
இன்னும் போடவில்லை.
மதகு எந்தத் திருப்பத்தில் என்று மட்டும்
டுவைனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.